ஆட்டோமேட்டிக் கார் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி – பதில்

ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலைத் தாங்களே மாற்றிப் பார்க்க விரும்பும் வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பழைய ஆயிலை இறக்குவது சுலபம். எந்த ஆயிலை, எவ்வளவு, எந்தச் சூட்டில் அளந்து ஊற்றுகிறோம் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. பதில்களிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: என் கார் 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கையேட்டில் கியர் ஆயிலுக்குக் கெடுவே போடவில்லை. ‘வண்டியின் ஆயுள் முழுக்க அதே ஆயில்தான்’ என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இந்த ஆயில்தான். வால்வு பாடி (ஆயிலை வேண்டிய பாதைக்குத் திருப்பிவிடும் பகுதி) வழியாக அழுத்தத்தோடு போய்க் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்குவதும், பற்சக்கரங்களுக்கு வழுவழுப்புக் கொடுப்பதும், உள்ளே பிறக்கும் சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோய் இறக்குவதும் அதுவே. கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கவும் கூடாது, பிடிக்கும்போது உதறவும் கூடாது. அந்த உராய்வைச் சரியான அளவில் வைத்திருக்கும் ரசாயனங்கள் ஆயிலில் கரைந்திருக்கின்றன. சூடும் தேய்மானத் துகளும் சேரச் சேர அவை வலுவிழக்கின்றன.

வழக்கமான ஓட்டத்தில் ஆயிலின் சூடு 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது இத்துறையினரின் கைக்கணக்கு. மலைப்பாதை, பாரம் இழுப்பது, நின்று நின்று நகரும் நெரிசல் எல்லாம் இந்தச் சூட்டை ஏற்றுபவை. பல கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, தன் பெட்டிகளுக்கு ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கடுமையான ஓட்டம் என்றால் 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே எங்கள் பரிந்துரை. உங்கள் கையேட்டில் ‘கடும் பயன்பாடு’ என்று தனிப் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணப் பட்டியலில் இல்லாத கெடு பல கையேடுகளில் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: கடையில் ‘எல்லா ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று எழுதிய ஆயிலைத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகைப் பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் மிதி இல்லை என்பதால் எல்லாம் ஒரே வகை ஆகிவிடாது. டார்க் கன்வெர்ட்டரும் கியர்களும் உள்ள பெட்டிக்கு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடிக்கு அதற்கே உரிய சிவிடி ஆயில். பெல்ட் புல்லியைப் பிடித்துக்கொள்ளத் தேவையான உராய்வைச் சாதாரண ஏடிஎஃப் தராது. தவறி ஊற்றி ஓட்டினால் பெல்ட் வழுக்கிப் புல்லியின் முகத்தில் கோடு விழும். அதன் பிறகு சரியான ஆயிலை ஊற்றியும் பயனில்லை. ஆயிலில் நனையும் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு இன்னொரு வகை. ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டியின் மேல் கிளட்சையும் கியரையும் இயக்கும் மோட்டாரோ ஹைட்ராலிக் கருவியோ பொருத்தியது. அதற்கு மேனுவல் கியர் ஆயில்தான். இந்தப் பக்கங்களில் சொல்லும் அளவு பார்க்கும் முறை ஏஎம்டிக்குப் பொருந்தாது.

வகை தெரிந்த பிறகு தரக்குறியீடு. ஜெனரல் மோட்டார்ஸ் 1967இல் டெக்ஸ்ரான் என்ற குறியீட்டைக் கொண்டுவந்தது. 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6, முந்தைய டெக்ஸ்ரான் 3ஐ விட மெல்லியது. ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் பழையதற்குப் பதிலாக அதை ஊற்றலாம். ஆனால் டெக்ஸ்ரான் 3 கேட்ட வேறு கம்பெனிப் பெட்டிகளுக்கும் 6 சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. டொயோட்டாவில் டைப் டி-4 கேட்கும் பெட்டிக்கு டபிள்யூஎஸ் ஊற்றக் கூடாது, டபிள்யூஎஸ் கேட்பதற்கு டி-4உம் கூடாது. ஹோண்டாவில் பழைய இசட்-1க்குப் பதிலாக டிடபிள்யூ-1 வந்துவிட்டது. அதே ஹோண்டாவின் சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்று வேறு ஆயில். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

பல குறியீடுகளுக்குப் பொருந்தும் ஆயில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். உங்கள் கையேட்டில் உள்ள குறியீடு பாட்டிலின் பின்பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்பதும் ‘பொருத்தமானது’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. இரண்டாவது ஆயில் விற்பவரின் வார்த்தை. டெக்ஸ்ரான் 6 போன்றவற்றுக்கு உரிம எண் பாட்டிலிலேயே அச்சாகியிருக்கும். சிவிடிக்கும் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கும் கார் கம்பெனி சொல்லும் ஆயிலைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: கையேட்டில் 8 லிட்டர் என்று இருக்கிறது. ஆயிலை இறக்க அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் மூன்றரை லிட்டர்தான் இறங்கியது. மீதி எங்கே போயிற்று?

பதில்: உள்ளேயேதான் இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர், வால்வு பாடி, கிளட்ச் டிரம், கூலர், கூலருக்குப் போகும் குழாய்கள் ஆகியவற்றில் நிற்கும் ஆயில் ட்ரெயின் போல்ட் வழியாக வராது. பெரும்பாலான பெட்டிகளில் ஒருமுறை இறக்கினால் மொத்தத்தில் 30 முதல் 50 சதவீதம்தான் மாறும். 8 லிட்டர் என்று படித்துவிட்டு 8 லிட்டரையும் ஊற்றினால் பெட்டி நிரம்பி வழியும். இறங்கியது எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பப் போக வேண்டும்.

உங்கள் கணக்கில், முதல் முறைக்குப் பின் 44 சதவீதம் புதிது. இரண்டாம் முறை 68, மூன்றாம் முறை 82, நான்காம் முறை 90 சதவீதம். ஒவ்வொரு முறையும் புதிதும் சேர்ந்தே இறங்குவதால் பலன் குறைந்துகொண்டே போகும். மூன்று முறைக்குப் பத்தரை லிட்டர் செலவாகும். அதற்கு மேல் போவது வீண். ஒவ்வொரு முறைக்கும் நடுவே காரைக் கொஞ்ச தூரம் எல்லாக் கியரிலும் ஓட்டினால்தான் புதியதும் பழையதும் கலக்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாத இடைவெளி விட்டும் செய்யலாம்.

கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பெட்டியின் சொந்தப் பம்பைக் கொண்டே பழையதை வெளியே தள்ளும் முறையும் உண்டு. ஏறக்குறைய முழுவதும் மாறும். மொத்த அளவோடு ஒன்றிரண்டு லிட்டர் கூடுதலாகப் போதும். ஆனால் ஒரு லிட்டர் சில விநாடிகளிலேயே வந்துவிடும். மேலே ஊற்றுகிற வேகம் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் பம்பு காற்றை உறிஞ்சி வறண்டு ஓடும். ஒரு லிட்டர் வந்ததும் இன்ஜினை அணைத்து, ஒரு லிட்டர் ஊற்றி, மறுபடி ஓட்டுவதுதான் பத்திரம். சாவியைத் திருப்ப ஒருவர், குழாயைப் பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். முதல் முறை செய்பவருக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

கேள்வி: டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உள்ள பழைய மாடல் கார். ஆரம்பம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது?

பதில்: டிப்ஸ்டிக் உள்ள காரில் தொடங்குவதே நல்லது. தேவையானவை: சரியான ஆயில் 4 அல்லது 5 லிட்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர், 10 லிட்டர் கொள்ளும் தட்டு, லிட்டர் கோடு போட்ட ஜாடி, டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் மெல்லிய நீளப் புனல், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), ஜாக்கி ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, நூல் உதிராத துணி. பஞ்சு உதிரும் துணியால் டிப்ஸ்டிக்கைத் துடைத்தால் அந்த இழை வால்வு பாடி வரை போய்ச் சிக்கும்.

காரைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அரைமணி நேரம் விடுங்கள். ஆயில் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி வாக்கில் இருந்தால் நன்றாக இறங்கும். கையும் வேகாது. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நொடிகூடக் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டில் கார் உட்கார்ந்த பிறகு பலமாக அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கியர் ‘பி’யில் இருப்பது மட்டும் காரைப் பிடித்துவைக்கப் போதாது.

அடுத்து, கழற்றப் போவது எந்த போல்ட் என்று உறுதி செய்யுங்கள். இன்ஜின் ஆயில் போல்ட், டிஃபரன்ஷியல் போல்ட், கியர்பாக்ஸ் போல்ட் மூன்றும் சில கார்களில் ஒரு முழத்துக்குள்ளேயே இருக்கும். இன்ஜின் ஆயில் என்று நினைத்துக் கியர் ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயிலோடும் கியர்பாக்ஸில் பாதி ஆயிலோடும் ஓட்டிப் பெட்டியை இழந்தவர்கள் உண்டு. வெளியே வருவது கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கிறதா என்று முதல் நொடியிலேயே பாருங்கள். தவறான போல்ட் என்றால் உடனே மூடிவிடலாம்.

இறங்கிய ஆயிலைச் சிந்தாமல் ஜாடியில் அளந்து எழுதிவையுங்கள். இந்த ஒரு எண் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஊகம். போல்ட்டைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு, முதலில் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஹோண்டா பெட்டிகள் பலவற்றில் அது 49 நியூட்டன் மீட்டர். வேறு கார்களில் அதில் பாதிகூட இருக்கும். பெட்டி அலுமினியம் என்பதால் அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும்.

அளந்த அளவில் கால் லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி நிறுத்தி மறுபடி ‘பி’க்கு வாருங்கள். பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, சமதளத்தில், இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைத்து முழுக்க உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். புனல் வைத்து ஊற்றிய குழாயின் சுவரிலிருந்து ஒட்டிய ஆயில் ஒரு பக்கத்தை உயர்த்திக் காட்டும். தாழ்வாகக் காட்டுகிற பக்கம்தான் உண்மை. ‘ஹாட்’ குறிகளுக்கு இடையே மேல்கோட்டை ஒட்டி இருந்தால் போதும். இரண்டு கோட்டுக்கும் நடுவே பல கார்களில் அரை லிட்டர்தான் என்பதால், ஊற்றும்போது நூறு மில்லி நூறு மில்லியாக ஊற்றுங்கள். ஹோண்டா இதற்கு விதிவிலக்கு: நன்றாகச் சூடேறிய பின் இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் காரில் டிப்ஸ்டிக்கே இல்லை. அடியில் இரண்டு பிளக் இருக்கின்றன. அளவை எப்படித்தான் பார்ப்பது?

பதில்: இது சற்றே நிதானம் தேவைப்படும் வேலை. முடியாத வேலை அல்ல. இத்தகைய பெட்டிகளில் ஆயில் ஊற்றுவதற்கான ஃபில்லர் பிளக் ஒன்று மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும். ஆயில் பானில் (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருக்கும் பிளக்குக்கு உள்ளே பல மாடல்களில் ஒரு சிறு குழாய் செங்குத்தாக நிற்கும். அந்தக் குழாயின் உச்சிதான் சரியான அளவு. அதற்கு மேல் உள்ள ஆயில் குழாய் வழியே வழிந்துவிடும். பழைய ஆயிலை இறக்க அந்தக் குழாயையும் ஆலன் கீயால் கழற்ற வேண்டும். மறுபடி பொருத்த மறந்தால் எவ்வளவு ஊற்றினாலும் கொட்டிக்கொண்டே இருக்கும்.

மிக முக்கியம்: இறக்குவதற்கு முன்பே ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து அசையாமல் இருந்து, பழைய ஆயிலையும் இறக்கிவிட்டால், காரை நகர்த்தவே முடியாது.

அடுத்து சூடு. ஆயில் சூட்டில் விரியும். 8 லிட்டர் உள்ள பெட்டியில் 60 டிகிரி ஏறினால் ஆயிலின் கன அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடும். அதனால்தான் ஒவ்வொரு கம்பெனியும் அளவு பார்க்க ஒரு வெப்ப எல்லையைக் கொடுக்கிறது. இசட்எஃப் ஆறு, எட்டு கியர் பெட்டிகளில் 30 முதல் 50 டிகிரி, ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டியில் 35 முதல் 45 டிகிரி. உங்கள் பெட்டிக்கு உரியதைப் பட்டறைக் கையேட்டில் பாருங்கள். எல்லைக்கு மேல் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திறந்தால் விரிந்த ஆயில் கூடுதலாக வழிந்துவிடும், ஆறியதும் பெட்டியில் குறை விழும். எல்லைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் ஒன்றும் வழியாது, ‘குறைகிறது’ என்று நினைத்து ஊற்றுவீர்கள், சூடேறியதும் அதிகமாகிவிடும்.

வெப்பத்தை அறிய, காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஸ்கேனர் வாங்குங்கள். அது கியர் ஆயிலின் வெப்பத்தைக் காட்டுகிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள். மலிவான பல கருவிகள் இன்ஜின் கூலன்ட்டின் வெப்பத்தை மட்டும் காட்டும், அது இதற்கு உதவாது. வெளியிலிருந்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இரண்டாம் தரம்தான். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். ஆயில் பானில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடித்தால் நம்பத்தக்க எண் வரும்.

செய்முறை இதுதான். கார் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், கிடைமட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் ஒருபுறம் ஒதுங்கி எல்லாக் கணக்கும் பொய்யாகும். ஆயில் 30 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கும்போது, இறங்கிய அளவோடு அரை லிட்டர் கூட்டி, ஃபில்லர் வழியே கை பம்பால் ஏற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு எல்லாக் கியரிலும் நிறுத்தி வாருங்கள். வெப்பம் எல்லைக்குள் நுழைந்ததும், இன்ஜின் ஓடும்போதே, அடிப் பிளக்கைத் திறங்கள். ஓடையாக வந்தால் அது குறைந்து சொட்டாகும் வரை விடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் வரும்வரை மேலே ஏற்றுங்கள். சொட்டத் தொடங்கியதும் புதிய வாஷரோடு மூடிவிடுங்கள். வெப்பம் எல்லையைத் தாண்டிவிட்டால் அவசரப்பட்டு முடிக்காமல், அணைத்து ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடிப் பிளக்கில் குழாய் இல்லாத இசட்எஃப் பெட்டிகளில் பக்கவாட்டு ஃபில்லர் பிளக்கின் விளிம்பே அளவு. அங்கேயும் இதே முறைதான்.

‘இன்ஜின் ஓடும்போதே’ என்பதை விட்டுவிடாதீர்கள். அணைத்தால் பம்பு நின்று, மேலே இருக்கும் ஆயில் பானுக்கு இறங்கி மட்டம் உயர்ந்துவிடும். அப்போது திறந்தால் தேவையான ஆயிலும் கொட்டிவிடும். இன்ஜின் ஓடும் காருக்கு அடியில் வேலை என்பதால் நான்கு ஸ்டாண்டு, முட்டுக்கட்டை, கை பிரேக், ஓட்டுநர் இருக்கையில் பிரேக்கை மிதித்தபடி ஒருவர், இவை நான்கும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: ஆயில் பானைக் கழற்றி ஃபில்டரும் மாற்ற வேண்டுமா?

பதில்: பெட்டியைப் பொறுத்தது. சிலவற்றில் ஃபில்டர் பானுக்கு மேலேயே இருக்கும், அதை மாற்றுங்கள். சிலவற்றில் பெட்டியைப் பிரித்தால்தான் எட்டும், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இசட்எஃப் பெட்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் பானும் ஃபில்டரும் ஒரே உருப்படி. சில சிவிடிகளில் இரண்டாவதாக ஒரு சிறு காகித ஃபில்டர் வெளிப்பக்கம் இருக்கும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பானைக் கழற்றும்போது ஒரு மூலையை மட்டும் முதலில் தளர்த்தி, அந்தப் பக்கம் வழியவிட்டு, பிறகு மற்ற போல்ட்டுகளை எடுங்கள். ஃபில்டரின் கழுத்தில் உள்ள ஓ ரிங் பல நேரம் பெட்டியின் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரைப் புதிய ஓ ரிங்கோடு திணித்தால் சரியாக உட்காராது. அந்த இடைவெளியில் பம்பு காற்றை உறிஞ்சும். மாற்றிய அன்றே கியர் விழத் தாமதமாகிறது, உள்ளே ‘ஊ’ என்று இரைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பானில் உள்ள காந்தங்களில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். துடைத்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புச் சில்லுகளோ, பித்தளை நிறத் துகள்களோ, கறுப்புத் தகடுத் துண்டுகளோ இருந்தால் ஆயில் மாற்றித் தீராது. படம் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டி பார்ப்பவரிடம் போங்கள்.

பான் போல்ட்டுகள் சிறியவை. பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறுக்குநெடுக்காக இரண்டு சுற்றில் இறுக்குங்கள். ‘கசியாமல் இருக்கட்டும்’ என்று பலமாக இறுக்கினால் பானின் விளிம்பு வளைந்து அங்கேதான் கசியும். ரப்பர் கேஸ்கெட் உள்ள பானில் சிலிக்கான் பசை தடவக் கூடாது. பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஃபில்டர் வலையை அடைக்கும். கேஸ்கெட்டே இல்லாமல் பசையால் மட்டும் மூடும் பெட்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கம்பெனி சொல்லும் பசை, மெல்லிய ஒரே கோடு.

கேள்வி: நிறத்தை வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. சிவப்பு என்பது வெறும் சாயம்தான், சில ஆயில்கள் புதிதிலேயே வேறு நிறத்தில் இருக்கும். அதனால் வாசனையையும் சேர்த்துப் பாருங்கள். பழுப்பேறியும் தீய்ந்த வாடை இல்லை என்றால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் கருகியிருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. பரவி வெளிர்ந்தால் நல்லது, நடுவில் கறுப்பாக நின்றுவிட்டால் துகள் அதிகம்.

இளஞ்சிவப்பில் பால்போலக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீரோ கூலன்ட்டோ புகுந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகும்போது இது நடக்கும். காரை ஓட்டவே கூடாது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையை அந்தக் கலவை ஊறவைத்துப் பிரித்துவிடும்.

கேள்வி: 1,80,000 கிலோமீட்டர் ஓடிய கார், ஒருமுறைகூட ஆயில் மாற்றவில்லை. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கிளட்ச் பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து ஸ்லிப் ஆகத் தொடங்கிய பெட்டியில், ஆயில் மாற்றிய சில நாளில் ஸ்லிப் முற்றிவிடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பழைய ஆயிலில் மிதக்கும் உராய்வுத் துகள்கள் கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி மாற்றாமல் விட்டிருந்தாலும் நின்றிருக்கும். எனவே இப்போது எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

கியர் சுத்தமாக விழுகிறது, ஸ்லிப் இல்லை, ஆயில் தீயவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஒருமுறை இறக்கி ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றுங்கள். வெளிப்புற அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரமும் கழுவும் ரசாயனமும் வேண்டாம், படிந்திருக்கும் அழுக்கைப் பெயர்த்து வால்வு பாடியில் சேர்க்கும் அபாயம் உண்டு. மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மேடுபள்ளமான சாலையில் போவதுபோல வண்டி உதறுகிறது என்றால், டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் (இன்ஜினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) உதறுகிறது. உராய்வு ரசாயனம் தீர்ந்ததன் அடையாளம் அது. புதிய ஆயிலால் பல கார்களில் இது நின்றுவிடும். இன்ஜின் வேகம் ஏறியும் வண்டி நகரத் தயங்கினால், அந்தப் பணத்தை ஆயிலுக்குச் செலவிடாமல் பெட்டியைச் சோதிக்கச் செலவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு கியர் விழும்போது ஜெர்க் அடிக்கிறது. என்ன தவறு செய்தேன்?

பதில்: ஒருவேளை ஒன்றுமே இல்லை. பழைய ஆயிலின் உராய்வுக்கு ஏற்பக் கியர்பாக்ஸ் கணினி அழுத்தத்தைத் திருத்தி வைத்திருக்கும். புதியதற்குப் பழக நூறு கிலோமீட்டர்வரை ஆகலாம். சில பெட்டிகளில் ஸ்கேனரால் அந்தப் பழைய பாடத்தை அழிக்க வேண்டும். நிசான் சிவிடிகளில் ஆயில் தேய்மானக் கணக்கையும் பூஜ்யமாக்க வேண்டும்.

ஆனால் ‘டி’யில் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி இழுக்கிறது, வளைவில் ஸ்லிப் ஆகிறது என்றால் ஆயில் குறைவு, அன்றே சரிபாருங்கள். அதிகமானாலும் இதே அறிகுறிகள் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மட்டம் உயர்ந்து சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்தால் நுரை வரும். நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும், பெட்டியின் காற்றுப்போக்கிக் குழாய் வழியே ஆயில் வெளியே வழியும். ஒரு லிட்டர் அதிகமென்றால் அப்படியே ஓட்டாதீர்கள். டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய ஹோஸ் விட்டு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடலாம். ட்ரெயின் போல்ட்டை லேசாகத் திறந்து கொஞ்சம் விட்டு மூடும் சாமர்த்தியம் அநேகமாக அளவுக்கு மீறிக் கொட்டுவதில்தான் முடியும்.

கேள்வி: என்னுடையது டொயோட்டா ஹைபிரிட். இதுவும் அவ்வளவு சிக்கலா?

பதில்: இல்லை, இருப்பதிலேயே சுலபம் இதுதான். அதில் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இறக்கினால் ஏறக்குறைய முழு ஆயிலும் வந்துவிடும், மூன்றரை லிட்டர் வாக்கில். ஃபில்லர் பிளக்கை முதலில் திறந்து, பிறகு ட்ரெயின் பிளக்கைத் திறந்து இறக்கி, மூடி, ஃபில்லர் துளையின் விளிம்பில் வழியும் வரை டபிள்யூஎஸ் ஆயில் ஊற்றினால் முடிந்தது. காரை ‘ரெடி’ நிலையில் வைக்காமல், முழுக்க அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கார் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு.

கேள்வி: இறக்கிய ஆயிலை என்ன செய்வது?

பதில்: புது ஆயில் வந்த பாட்டில்களிலேயே ஊற்றி, இறுக மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்திலோ அதை வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ கொடுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள். மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. கதவுக் கீலுக்கும் சங்கிலிக்கும் என்று எடுத்துவைக்கவும் வேண்டாம், தேய்மானத் துகள் நிறைந்த ஆயில் அது. கொடுப்பதற்கு முன் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் மட்டும் கொஞ்சம் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். அடுத்த முறை இறக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் ஓட்டத்துக்குக் கெடுவை நீட்டலாமா குறைக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும்.